வீட்டில் எத்தனை பேர்

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்றைய கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினேழு பேர். வருகைப் பதிவேட்டில் முப்பத்தாறு கையெழுத்து. மீதிப் பத்தொன்பதையும் நான்தான் போட்டேன், நான்கு பேனாக்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. கிழக்கு ரதவீதி நகர்நலச் சேவைச் சங்கத்தில் செயலாளராக இருந்த எல்லாரும் செய்த வேலைதான். வருகை எண்பது சதவீதத்துக்குக் குறைந்தால் மாவட்டத் தலைமை 'சிறந்த கிளை' கேடயத்தைத் தராது. பதினோரு வருடமாக நான் செயலாளர். என்னோடு பள்ளியில் படித்து, பத்தாம் வகுப்பில் தேறாமல் பெயிண்டுக் கடை வைத்த ஆதிநாராயணன் மூன்றாவது முறையாகத் தலைவர். இரண்டு முதுகலையும் ஒரு முனைவர் பட்டமும் வாங்கிய நான் அவன் பேச வேண்டியதை எழுதிக்கொடுத்துவிட்டு, விருந்தினருக்கான பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே நிற்கிறேன்.

இன்றைய விருந்தினர் நம் காவல்நிலையத்து உதவி ஆய்வாளர் ஜெபக்கனி. ஆபத்து நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் எப்படித் தப்பிப்பது என்று சொல்ல வந்திருந்தாள். மைக்கைப் பிடித்ததும் என்னைக் காட்டி, “சாரு எங்க காலேஜ் ஹிஸ்டரி சாரு. அட்டெண்டன்ஸ் பத்தலன்னு என்னைய ஒரு வருஷம் நிறுத்தி வச்சாவ. அந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பதிவேட்டின் கதை தெரிந்தவன் ஆதலால் ஆதிநாராயணன் அதிகமாகச் சிரித்தான்.

தெளிவாகத்தான் பேசினாள். நெருப்பைவிடப் புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கும், நிமிர்ந்து ஓடாமல் தரையோடு தவழ வேண்டும், மூக்கில் ஈரத்துணி. இதெல்லாம் நாலாம் வகுப்புப் பாடம். “வெளிய வந்ததும் தலையை எண்ணுங்க. எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் நீங்க வெளிய வந்ததா அர்த்தம்” என்றதை மட்டும் குறித்துக்கொண்டேன், அறிக்கைக்கு உதவும் என்று.

பிறகு ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள். வீட்டின் வரைபடம், கதவுகள், வெளியிலிருந்து பூட்டும் அறைகள், வசிப்போர், அவர்களில் தானாக வெளியேற முடியாதவர்கள்.

நன்றியுரைக்கு முன்னால் ஆதிநாராயணன் எழுந்து, பதினெட்டாம் தேதி தீ ஒத்திகை செயலாளர் வீட்டில் நடக்கும் என்று அறிவித்தான். தெருக்கோடி வீடு, பக்கத்தில் காலி மனை, இதைவிடத் தோதான இடம் இல்லையாம். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிப்ரவரி 5, திங்கள்

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். வசிப்போர்: இருவர். பின்கட்டு அறை: சாமான் அறை.

பிப்ரவரி 7, புதன்

யாருக்கும் நான் விளக்கம் தர வேண்டியதில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. சப்-போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து ஐந்து வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் இடுப்பில் துண்டோடு மட்டும் தபால் நிலையத்துக்குப் போய், கவுண்டருக்குள் நுழைந்து, வரிசையில் நின்றவர்களிடம் முத்திரைக் கட்டையைக் கேட்டிருக்கிறார். ஆதிநாராயணன் தன் லோடு ஆட்டோவில், பெயிண்டு டின்களுக்கு நடுவே உட்காரவைத்துக் கூட்டிவந்தான். உதவிதான். ஆனால் அடுத்த கூட்டத்தில், “போஸ்ட் மாஸ்டரையே பார்சல் கட்டி டெலிவரி பண்ணிட்டோம்லா” என்றான். அன்றைக்குச் சிரித்தவர்களின் பெயர்கள் எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன.

அந்த வாரமே பின்கட்டு அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் அடித்தேன். உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றினேன். அவராக உள்ளே தாழிட்டுக்கொண்டால் யார் திறப்பது? எல்லாம் அவருடைய பாதுகாப்புக்கு. ஊரில், அப்பா பெங்களூரில் தம்பியோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். நம்பினார்கள். சாப்பாடு, மருந்து, குளியல் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. தம்பி குமரகுருபரன் ஞாயிறுதோறும் வீடியோவில் ஐந்து நிமிடம் பார்க்கிறான். அந்த ஐந்து நிமிடத்துக்கு அப்பாவுக்குச் சவரம் செய்து, கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பவன் நான்.

அப்பா எனக்குச் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். எனக்கு இருபத்து நான்கு வயதில் டில்லியிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் கடிதம் சேர்ப்பித்த மனிதர் அந்த ஒன்றை மட்டும் சேர்ப்பிக்கவில்லை. அம்மா இறந்தபின் பெட்டியை ஒழித்தபோது அவருடைய பழைய காக்கிச் சட்டைக்கு அடியில் கிடந்தது. கேட்டேன். மூத்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். இருக்கிறேன்.

பிப்ரவரி 10, சனி

ஒத்திகையை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லி ஆதிநாராயணன் கடைக்குப் போனேன். மனைவி வடிவுக்கு முட்டுவலி என்றேன். வீட்டில் வெள்ளையடிக்கப் போகிறேன் என்றும் சொன்னேன். பெயிண்டுக் கடையில் நின்றுகொண்டு அதைச் சொன்னது என் தவறு.

“எங்கிட்ட பெயிண்டு எடுக்காம எவங்கிட்டவே எடுத்தீரு?” என்றான். பிறகு குரலை இறக்கி, “கோமதி, என்னமும் சங்கடம்னா சொல்லும். மாத்திருவோம்” என்றான்.

சொல்ல ஒன்றுமில்லை என்றேன். டீ வரவழைத்தான். குடிக்காமல் வந்துவிட்டேன். இவனிடம் சங்கடத்தைச் சொல்லி அதையும் ஒரு கூட்டத்தில் கேட்கவா?

பிப்ரவரி 11, ஞாயிறு

தம்பியின் ஐந்து நிமிடம் இன்று மூன்றரை நிமிடத்தில் முடிந்தது. அப்பா வெளுத்திருக்கிறார், வெயிலே படவில்லையா என்று கேட்டான். பெங்களூரில் வெயில் எப்படி என்று திருப்பிக் கேட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

ஒத்திகை காலை பத்து மணி முதல் பதினொன்று வரை. ஒரு மணி நேரம் அப்பா சத்தமில்லாமல் இருக்க வேண்டும். வாடகைக் காரில் எங்காவது கூட்டிப்போகலாம் என்றால், வண்டியில் ஏறினாலே அலறுகிறார். அரைத் தூக்க மாத்திரைக்குப் பதில் அன்று மட்டும் ஒன்றரை கொடுத்தால் என்ன என்று வடிவிடம் கேட்டேன்.

வடிவு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “டாக்டர்ட்ட கேட்டுட்டுக் குடுங்க” என்றாள். சண்முகவடிவு சண்டை போடுகிறவள் அல்ல. இருபத்தெட்டு வருடத்தில் அவள் எனக்கு மறுப்பாகச் சொன்னதெல்லாம் இப்படித்தான் இருக்கும், ஒப்புக்கொண்டது போலவே.

அப்படியானால் நீ அறைக்குள் அவரோடு இரு என்றேன். சரி என்றாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

ஜெபக்கனி தொலைபேசியில் பேசினாள். வீட்டுப் பெண்கள் கண்டிப்பாகக் கலந்துகொள்ள வேண்டுமாம், அவர்கள்தானே பகலில் வீட்டில் இருக்கிறார்கள். வடிவின் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டாள்.

ஆக, அறைக்குள் நான்தான்.

பிப்ரவரி 17, சனி

பின்கட்டு ஜன்னலுக்குப் பழைய போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டேன். அப்பா முட்டிக்கொண்டு சத்தம் செய்யாமலிருக்க இரும்புக் கட்டிலைச் சுவரோடு தள்ளினேன். கல்லூரியில் விடைத்தாள்கள் அப்படியே கிடக்கின்றன.

பிப்ரவரி 18, ஞாயிறு

கை இன்னும் எரிகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள். சங்கத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர் விருந்தாளிகள் போலக் கூடத்தில் உட்கார வேண்டும், நானும் வடிவும் வீட்டுக்காரர்கள், மொத்தம் பதினான்கு. விசில் அடித்ததும் தவழ்ந்து வெளியேறிக் காலி மனையில் நிற்க வேண்டும். ஒரு காவலர் பெயர் கூப்பிட்டு எண்ணுவார். புகைக்கு இரண்டு இரும்புப் பாண்டுச் சட்டிகளில் ஈரத் தேங்காய் நார். வாசல் பக்கம் வைப்பதாகத்தான் பேச்சு.

விசிலுக்கு முன்பு அப்பா உள்ளே முனக ஆரம்பித்தார். அத்தனை பேரின் செருப்புச் சத்தமும் மைக்கும் அவரைக் கிளப்பிவிட்டிருக்கும். எல்லாரும் ஜெபக்கனி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பின்கட்டுக்கு நழுவினேன். என் கைபேசி, போட்டோ எடுப்பதற்காக ஆதிநாராயணனிடம் இருந்தது. வடிவு பின்னால் வந்தாள். யாராவது தவழ்ந்துகொண்டே வந்து கதவைத் தள்ளிவிட்டால் என்ன செய்வது? “தாழ்ப்பாளைப் போட்டுவிடு, எல்லாரும் போனதும் திற” என்று அவளிடம் சொன்னது நான்தான். போட்டாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முனகலை நிறுத்தினார். விசில் கேட்டது. கூடத்தில் தடதடவென்று முழங்கால்கள், சிரிப்பு, யாரோ வேட்டி அவிழ்ந்துவிட்டது என்று கத்தினார். பிறகு வீடு காலியானது.

மூன்று நிமிடம் இருக்கும். போர்வையின் ஓரமாகப் புகை வந்தது. வாசலில் வெளிச்சம் போதாமல் படம் சரியாக விழவில்லை என்று ஆதிநாராயணன் ஒரு பாண்டைப் பின்வராந்தாவுக்கு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அறையின் ஒரே ஜன்னல் அந்த வராந்தாவைப் பார்த்தது. போர்வையை இழுத்துச் செருகினேன். வெளியே காற்று இந்தப் பக்கமே அடித்தது. கதவுக்கு வந்தேன். கைப்பிடி இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள்.

மெகாபோனில் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. ஒவ்வொருவரும் “உள்ளேன்” என்றார்கள். “கோமதிநாயகம்” என்று என் பெயர் வந்தது. பிறகு ஆதிநாராயணனின் குரல், “உள்ளேன்.” நினைத்துச் சொன்னதல்ல அது. அப்படியே பழகிப்போன வாய். இத்தனை வருடம் அவனுக்காக நான் போட்ட கையெழுத்துகளுக்கு முதல்முறையாகக் கைம்மாறு செய்தான்.

“பதினாலு பேரு. எண்ணிக்கை சரி.” கைதட்டல்.

கதவைத் தட்டினேன். பிறகு இடித்தேன். மைக்கில் பாட்டுப் போட்டிருந்தார்கள். அப்பாவின் கூஜாவிலிருந்த தண்ணீரில் துண்டை நனைத்து அவர் மூக்கில் கட்டினேன், அவரைத் தரையில் படுக்கவைத்தேன், என் வேட்டி நுனியை என் மூக்கில் அழுத்திக்கொண்டு கதவின் அடி இடுக்கில் முகத்தை வைத்தேன். அதற்குச் சற்று மேலே மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. தரையில் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளின் கை படும் உயரத்தில்.

பதினொரு நிமிடம். என் கடிகாரம் தவறாது.

வடிவு எல்லார் முன்னாலும் ஜெபக்கனியிடம் போய்ச் சொன்னாளாம்: “எண்ணிக்கை சரியில்லம்மா. உள்ள ரெண்டு பேரு இருக்காவ.”

தாழ்ப்பாளை ஜெபக்கனிதான் திறந்தாள். அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு முகங்கள். என்னைத் தாண்டி அவள் முதலில் அப்பாவிடம் போனாள்.

பிப்ரவரி 19, திங்கள்

கல்லூரிக்கு விடுப்பு. அப்பாவுக்கு மருத்துவமனையில் ஒரு நாள் ஆக்ஸிஜன் வைத்து அனுப்பிவிட்டார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது.

மாலையில் ஜெபக்கனி வந்தாள். மூத்த குடிமக்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் வழக்குப் போட இடமிருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், ஒரு காலத்தில் நான் அவளுக்கு வகுப்பில் எதையோ சொல்லிக்கொடுத்த அதே தொனியில். உள்ளே போய்க் கதவை, தரையை, ஜன்னலைப் பார்த்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். போகும்போது, “சார், நீங்க என்னைய நிறுத்தி வச்ச வருஷம் எங்க அம்மா படுக்கையில கெடந்தா. நான்தான் பாத்துக்கிட்டேன். நீங்க கேக்கல, நான் சொல்லல. நான் இப்ப கேக்கேன்” என்றாள்.

வாரம் ஒரு தடவை வருவாளாம். தாழ்ப்பாள் இன்றைக்கே போக வேண்டும். மறுபடி பார்த்தால் வழக்கு.

ஆதிநாராயணன் திருப்புளியோடு வந்து தானே கழற்றினான். வேலை முடியும்வரை ஒரு கேலியும் பேசவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

வடிவிடம் கேட்டேன். பதினொரு நிமிடம் ஏன்?

“எண்ணிக்கை சரின்னு சொன்னாவ. நீங்க இல்லாமலே சரியா இருந்துச்சு. கொஞ்சம் நின்னு பாத்தேன்.” தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள். “பொகை பின்னால திரும்புனத நான் பாக்கல. பாத்ததும் ஓடிப்போயிச் சொன்னேன். மாமா உள்ள கெடக்கையில நிப்பேனா.”

ஊர் முன்னால் என்னைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டாய் என்றேன். ஊருக்கு ஏற்கெனவே தெரியும் என்றாள். நான் கல்லூரிக்குக் கிளம்பியதும் தினமும் கதவைத் திறந்துவிடுவாளாம். அப்பா பின்வாசல் நிழலில் உட்காருவாராம், எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு பேசுவாராம், ஆதிநாராயணன் மனைவி வாரத்துக்கு இரண்டு நாள் வந்து அவருக்கு நகம் வெட்டிவிடுவாளாம். இரண்டு வருடமாக.

“தெருவுக்கே தெரியும். ஒத்திகை அன்னைக்கு மாமாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருப்பீயன்னு நெனச்சிருக்காவ. அவியளுக்குத் தெரியும்கிறது ஒங்களுக்குத்தான் தெரியாது.”

அப்படியானால் நான் வரும்போது அவர் எப்படி அறைக்குள் இருக்கிறார் என்று கேட்டேன்.

“நாலு மணி ஆச்சுன்னா மாமாவே உள்ள போயி உக்காந்துக்கிடுவாவ. நான் சொல்ல வேண்டியதே இல்ல.”

உப்பு கூடிவிட்டது என்று சொல்லி எழுந்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

தம்பிக்கு ஜெபக்கனியே பேசிவிட்டாள். அவன் என்னை அழைத்து, “ஏண்ணே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்று அழுதான். வெயில் பற்றி ஒரு நாள் கேட்டதைத் தவிர நீ எதைக் கேட்டாய் என்றேன். அடுத்த வாரம் வருகிறானாம். வரட்டும். முப்பது வருடம் கழித்துப் பத்து நாள்.

பிப்ரவரி 24, சனி

சங்கத்தின் செயற்குழு என் ராஜினாமாவை ஏற்கவில்லை. அதற்குப் பதில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்: மாலை நான்கு முதல் ஆறு வரை முறை வைத்து ஒருவர் வந்து அப்பாவோடு உட்காருவார். சேவைச் சங்கத்துக்கு நானே ஒரு சேவைத் திட்டம் ஆகிவிட்டேன். அறிக்கையையும் நானே எழுத வேண்டும்.

நேற்று ஆதிநாராயணனின் முறை. அப்பாவை அழைத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்வந்தான். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் இப்போது எந்தக் கதவும் சாத்தப்படுவதில்லை. யாரும் எப்போதும் உள்ளே வரலாம். நான்தான் எழுந்து எங்கும் போவதற்கில்லை. கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது. கல்லூரியில் நான் நுழைந்தால் ஆசிரியர் அறையில் செய்தித்தாள்கள் உயர்கின்றன.

பிப்ரவரி 25, ஞாயிறு

பதினெட்டாம் தேதிக் குறிப்பை இன்று படித்துப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

புகை வந்தபின் நான் கதவை இடித்துக் கத்திக்கொண்டிருந்தேன் அல்லவா? அப்பா தரையில் தவழ்ந்து என் பக்கத்தில் வந்தார். மூக்கில் கட்டியிருந்த துண்டைக் கீழே இறக்கினார். என்னை யாரென்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு என் தோளில் கையை வைத்தார்.

“உம்மையும் உள்ள போட்டுட்டானா?” என்றார்.

நான் விடாமல் இடித்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கதவிலிருந்து எடுத்தார். எண்பத்து நான்கு வயதுக் கைக்கு அவ்வளவு பலம்.

“கத்தாதேயும் வே. கத்துனா நேரங்கழிச்சுத்தான் தொறப்பான். சும்மா உக்காரும். மனசு எளகி அவனே வந்து தொறப்பான். பய நல்ல பயதான்.”